வீட்டு நாயும் வீதிக் கடமையும்

தாம் வளர்க்கும் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்விப்பதா வேண்டாமா என்பது ஒரு தினசரிப் பத்திரிகையின் தலையங்கத்துக்கு உரிய விஷயம்தானா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நதிநீர் வழக்கு, விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று தேசத்தின் தலைமேல் எத்தனையோ பாரங்கள் இருக்க, ஒருவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாயைப் பற்றி நாம் பத்தி பத்தியாக எழுதுவது வேடிக்கையாகவே தோன்றலாம். ஆனால் 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இரண்டு தடவையும், நவம்பர் மாதத்தில் மறுபடியும், தேசத்தின் உச்ச நியாயஸ்தலமே நாய்களைப் பற்றி உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. ஒரு விஷயம் சுப்ரீம் கோர்ட்டின் வாசற்படி ஏறிவிட்டதென்றால், அது வீட்டுக்குள்ளே தீர்க்கப்பட வேண்டிய காலத்தில் தீர்க்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த உத்தரவுகளின் சாரத்தை முதலில் நினைவூட்டுகிறோம். ஆகஸ்டு 11-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், டில்லியிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப வெளியே விடக்கூடாது என்று கட்டளையிட்டது. பதினோரு நாட்களுக்குள், ஆகஸ்டு 22-ஆம் தேதி, மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றியமைத்தது. கருத்தடை செய்து தடுப்பூசியும் போட்டபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடலாகாது, குறித்த இடங்களில்தான் உணவிட வேண்டும் என்றது அப்புதிய உத்தரவு. வழக்கின் எல்லையும் டில்லியைக் கடந்து எல்லா ராஜ்யங்களுக்கும் விரிக்கப்பட்டது. நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த உத்தரவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே திரும்பக் கொண்டுவந்து விடக்கூடாது என்று விதித்தது. ஒரு சாரார் கோர்ட்டை வாழ்த்தினர். மற்றொரு சாரார் கண்ணீர் விட்டனர். முனிசிபாலிட்டி என்ன செய்யப் போகிறது என்று இரு சாராரும் ஒரே குரலில் கேட்டனர். நம்முடைய வீட்டில் நாம் என்ன செய்தோம் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

பிரச்சினையின் அளவை அறியாமல் பேசுவதில் பயனில்லை. 2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் தெருநாய்கள் சுமார் 1 கோடியே 53 லட்சம். 2024-ஆம் வருஷத்தில் நாய்க்கடிக்கு ஆளானதாகப் பதிவானவை 37 லட்சத்துக்கு மேல் என்று மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்தது. சென்னை நகரத்தில் மட்டும் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெருநாய்கள் இருப்பதாக 2024-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பு கூறிற்று. வெறிநோயின் அறிகுறிகள் ஒருமுறை தோன்றிவிட்டால் மனிதனைக் காப்பாற்ற வைத்தியம் கிடையாது என்றே சொல்லிவிடலாம். கடிபடுகிறவர்களும் பெரும்பாலும் காரில் போகிறவர்கள் அல்லர். தெருவில் விளையாடும் குழந்தை, விடியற்காலையில் பால் போடும் சிறுவன், இரவு ஷிப்டு முடிந்து நடந்து வரும் தொழிலாளி ஆகியோரே அதிகமாக அந்த அபாயத்தில் நிற்கிறவர்கள்.

இந்நாய்களில் பெரும்பாலானவை தெருநாய்களுக்கே பிறந்தவை என்பது மெய். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருநாயின் வம்சமும் என்றோ ஒரு வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டது. மாலையில் உலாவப் போகட்டும் என்று சங்கிலியை அவிழ்த்து விடப்படும் ஆண் நாயும், வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் ஊர்க்கோடியில் இறக்கிவிடும் கௌரவமான குடும்பமும், மாற்றலாகி வேறூர் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போகிறவரும் அந்தத் தொகையைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நகரசபை பத்து நாய்களுக்கு ஆபரேஷன் செய்து கொண்டிருக்கையில், நாம் பின்வாசல் வழியாகப் பதினொன்றாவது நாயை அனுப்பி வைக்கிறோம்.

பிறர் குற்றத்தை எடுத்துரைக்கும்போது நமது குற்றத்தை மறைப்பது பத்திரிகா தர்மமாகாது. நமது வீட்டில் ராணி என்ற ஒரு பெட்டை நாய் இருந்தது. அதற்கு ஒன்றரை வயதானபோது ஆபரேஷன் செய்துவிடலாம் என்று கால்நடை வைத்தியர் சொன்னார். ஒரு தடவையாவது குட்டி போடாமல் செய்வது பாவம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். வக்கீல் தொழிலில் பழகிய நாம் தீர்ப்பை வாய்தா போட்டுத் தள்ளி வைத்தோம். கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில் வெளிக்கதவைத் தாழிட மறந்தவர் வேறு யாருமல்லர், நாமேதான். தை பிறந்து சில வாரங்களுக்கெல்லாம் ஆறு குட்டிகள் பிறந்தன. நான்கு ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போக ஆள் இருந்தது. இரண்டு பெட்டைக் குட்டிகளை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. காவலுக்கு ஆகும் என்று ஓர் அரிசி ஆலைக்குச் சொல்லியனுப்பி, அவ்விரண்டையும் அங்கே சேர்ப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஒரு வருஷம் கழித்து அந்த வழியே போக நேர்ந்தபோது விசாரித்தோம். ஒன்று லாரிச் சக்கரத்தில் மாண்டு வெகுநாளாயிற்று என்றார்கள். மற்றொன்று ஆலைக்கு எதிரே வாராவதியின் அடியில், எலும்பும் தோலுமாய், ஐந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தது. அது நம்மைக் கண்டு வாலாட்டிற்று. இத்தலையங்கத்தை எழுதத் தூண்டியது சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவு என்று மேலே சொன்னோம். அந்த வாலாட்டலும்தான் என்று சொல்லிவிடுவது நியாயம்.

இப்பொழுது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2001-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் பிறப்பித்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளே நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டாக வகுத்தன. கட்டுப்பாடான இனவிருத்தி, தடுப்பூசி, கருத்தடை, லைசென்ஸ் ஆகிய நான்குக்கும் வளர்ப்பு நாயின் சொந்தக்காரரே பொறுப்பாளி என்று அவை கூறின. அவற்றின் இடத்தில் 2023-ஆம் வருஷம் வந்த புதிய விதிகளும் வளர்ப்புப் பிராணியின் கருத்தடைப் பொறுப்பைச் சொந்தக்காரர் மேலேயே வைத்திருக்கின்றன. ஆகவே தெருநாய்க்கு நகரசபை பொறுப்பு, வீட்டு நாய்க்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்ற பங்கீடு கால் நூற்றாண்டாகவே சட்டப் புத்தகத்தில் இருந்து வருகிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

நாயைத் தெருவில் விட்டுவிடுவது குற்றமல்லவா என்று கேட்கலாம். குற்றம்தான். பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரையில்! ஒரு வேளை டிபனுக்குப் போதாத தொகையை விதித்து ஜனங்களின் அலட்சியத்தைத் திருத்திவிடலாம் என்று எண்ணுவது பகற்கனவு. சென்னை மாநகராட்சி 2025-ஆம் வருஷத்தில் வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸையும் அடையாளச் சில்லையும் கட்டாயமாக்கி, தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நாய்க்கு இன்னார் சொந்தக்காரர் என்று எழுதி வைப்பதே பொறுப்பின் முதற்படியாதலால் அதை நாம் வரவேற்கிறோம்.

எனினும், வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்தே தீரவேண்டும் என்று சர்க்கார் தடியெடுப்பதை நாம் ஆதரிப்பதற்கில்லை. 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் மத்திய சர்க்கார் 23 ஜாதி நாய்களை மூர்க்கமானவை என்று குறித்து, அவற்றை விற்கவும் இனவிருத்தி செய்யவும் தடைசெய்யும்படியும், ஏற்கனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யும்படியும் ராஜ்யங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துகொள்ளவில்லை என்ற காரணத்தால் அடுத்த மாதமே கர்நாடக ஹைக்கோர்ட் அதை ரத்துச் செய்தது. கேட்காமல் விதிக்கும் கட்டளை, நோக்கம் நல்லதாயினும், கோர்ட்டிலும் நிற்காது, ஜனங்களின் மனத்திலும் நிற்காது. ஆகவே தீர்மானம் சொந்தக்காரருடைய புத்தியிலும் மனச்சாட்சியிலும்தான் வந்து நிற்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய நியாயங்களை இரு பக்கத்திலும் எடுத்து வைப்பதே நமது நோக்கம்.

இயற்கைக்கு விரோதம், பாவம் என்ற ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்கிறவர்களின் பாட்டனார் வீட்டுத் தொழுவத்தில் நின்ற உழவு மாடுகளை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காயடிக்காத காளையைக் கொண்டு ஏர் பூட்டிய ஊர் அபூர்வம். மயக்க மருந்து என்பதே தெரியாத காலத்தில், மாட்டைக் கீழே தள்ளிக் கால்களைக் கட்டிச் செய்த காரியம் அது. அதை விவசாயம் என்று ஏற்றுக்கொண்ட நாம், மயக்க மருந்து கொடுத்து வலியின்றிச் செய்யும் ரண சிகிச்சையைப் பாவம் என்கிறோம். மேலும், நாய் நம்மிடம் வந்து பல்லாயிரம் வருஷங்கள் ஆகின்றன. அதன் உணவும் உறக்கமும் நாம் வகுத்தவை. கழுத்தில் பட்டையும் நாம் கட்டியதே. கர்ப்பத்தில் மட்டும் இயற்கையைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்வது, வசதியான பக்கத்தில் மட்டும் தர்மம் பேசுவதாகும்.

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம் என்பது இரண்டாவது ஆட்சேபம். வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. தாய்மை அடையாததற்காக நாய் ஏங்குகிறது என்பது நம் மனத்தை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பதே தவிர வேறில்லை. மூன்றாவது ஆட்சேபத்தை வெளிப்படையாக ஒருவரும் சொல்வதில்லை. பெட்டைக்குச் செய்யச் சம்மதிக்கும் ஆண்மக்கள், ஆண் நாய் என்றவுடன் முகத்தைச் சுளிக்கிறார்கள். நாயின் ஆண்மைக்கு ஊறு வந்தால் தம் ஆண்மைக்கே வந்ததுபோல் எண்ணும் இந்த வினோதத்தைப் பற்றி நாம் அதிகம் எழுத விரும்பவில்லை. ஆண் நாய்க்குக் குலப்பெருமை என்ற சிந்தனை கிடையாது என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறோம்.

இனி ஆரோக்கியத்தின் கணக்கைப் பார்ப்போம். பெட்டை நாய் சாதாரணமாக ஆறு அல்லது ஏழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. பெட்டை நாய்களுக்கு வழக்கமாகக் கருத்தடை செய்யாத ஸ்வீடன் தேசத்தில், இன்ஷ்யூர் செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒன்று அந்த வியாதிக்கு ஆளாவது தெரியவந்தது. காலத்தில் கவனிக்காவிட்டால் உயிர்போகும் வியாதி அது. கருப்பையையும் கருவகங்களையும் நீக்கிவிட்டால் அந்தப் பயம் அநேகமாக ஒழிகிறது. முதற் பருவத்துக்கு முன் ஆபரேஷன் செய்த நாய்களுக்கு மடிக்கட்டி வருவது மிகக் குறைவு என்று 1969-ஆம் வருஷத்து அமெரிக்க ஆராய்ச்சி கூறிற்று. அதன் ஆதாரம் நாம் நினைத்த அளவு திடமானதல்ல என்று 2012-ஆம் வருஷத்தில் மறுபரிசீலனை செய்தவர்கள் எழுதினார்கள். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. நம் ஊர்களுக்கே உரிய மற்றொரு அபாயமும் உண்டு. சேர்க்கையின் வழியே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தொற்றும் குறிக்கட்டி தெருநாய்களிடையே பரவி நிற்கிறது. ஓரிரவு வெளியே போய்வந்த வீட்டு நாயும் அதைச் சம்பாதித்துக்கொண்டு வரக்கூடும்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கருத்தடை செய்த நாய்க்கு உடல் பருக்கும் சுபாவம் ஏற்படுகிறது. உணவை அளந்து குறைத்து, நடையைக் கூட்டாவிட்டால் தீங்கு உண்டு. சில பெட்டைகளுக்கு, முக்கியமாகப் பெரிய ஜாதிகளில், பிற்காலத்தில் சிறுநீர் அடக்க முடியாமல் கசிகிறது. இவற்றினும் கவனிக்கத்தக்கது மூட்டு விஷயம். கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வளாகத்தில் 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் விதை நீக்கப்பட்ட ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு, நீக்கப்படாதவற்றைப்போல் இரு மடங்கு காணப்பட்டது. 2020-ஆம் வருஷத்தில் 35 ஜாதிகளைப் பற்றி அவர்களே வெளியிட்ட ஆராய்ச்சி, ஜாதிக்கு ஜாதி இந்த அபாயம் வேறுபடுகிறது என்றும், சிறு ஜாதிகளில் மூட்டுக் கோளாறு பெரும்பாலும் கூடவில்லை என்றும் காட்டிற்று. கலப்பு ஜாதிகளில் 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கே கவலை என்பதும் அவர்களுடைய முடிவு. ஆகவே "எல்லா நாய்க்கும் ஆறு மாதத்தில்" என்ற பழைய சூத்திரம் இனிச் செல்லாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களை வைத்திருப்போர், எலும்பு முதிரும் வரை, ஒரு வயதோ ஒன்றரை வயதோ ஆகும்வரை, வைத்தியரின் யோசனைப்படி காத்திருப்பது உத்தமம். காத்திருப்பதென்றால் அதுவரை வெளிக்கதவின் தாழ்ப்பாளைக் காத்திருப்பது என்றும் பொருள்.

ஆண் நாயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். விதை நீக்கினால் கடிக்கிற நாய் சாதுவாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெட்டையைத் தேடி அலைவதும், கண்ட இடத்தில் மூத்திரம் பெய்து எல்லை குறிப்பதும் பெரும்பாலும் குறைகின்றன. விதைக்கட்டி வராது; வயதான காலத்தில் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கும் தொல்லையும் நீங்கும். ஆனால் பயத்தாலும் கெட்ட பழக்கத்தாலும் கடிக்கிற நாய் அதற்குப் பிறகும் கடிக்கலாம். பயந்த சுபாவமுள்ள சில நாய்களுக்குப் பயம் கூடவும் கூடும். கருத்தடை என்பது வெறிநோய்த் தடுப்பூசிக்கோ, நல்ல பழக்கத்துக்கோ, சங்கிலிக்கோ ஈடாகாது. ஆபரேஷன் ஆன ஆண் நாய்க்குச் சில வாரங்கள் வரையில் கருவுறச் செய்யும் சக்தி இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

நார்வே தேசத்தில் ஆரோக்கியமான நாயை வழக்கமாகக் கருத்தடை செய்வதில்லை. 2009-ஆம் வருஷத்துப் பிராணி நலச் சட்டம் தக்க காரணமின்றிப் பிராணியின் அங்கத்தை அகற்றுவதை அனுமதிப்பதில்லை. ஸ்வீடனில் 1988-ஆம் வருஷம் வரை வைத்தியக் காரணமின்றி அதைச் செய்யவே தடை இருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமோ 2008-ஆம் வருஷத்தில் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட நாய்களுக்குச் சில விலக்குகளுடன் அதைக் கட்டாயமாக்கிற்று. இந்த முரண்பாட்டைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. நார்வேயில் நாய் சொந்தக்காரரின் கையை விட்டுப் போவதில்லை; தெருவில் அதற்காகக் காத்திருக்கும் நாய்க்கூட்டமும் இல்லை. அவர்களுடைய பழக்கத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர்களுடைய சங்கிலியையும் வேலியையும் முதலில் வரவழைத்துக்கொள்ள வேண்டும். சைத்ரோபசாரமாய்ப் பிறநாட்டு நாகரிகத்தில் சௌகரியமானதை மட்டும் எடுத்துக்கொள்வது நம் தேசத்துக்கு என்றைக்கும் நன்மை செய்ததில்லை.

நாட்டு ஜாதிகளின் கதி என்ன என்று கேட்போரின் கவலை உண்மையானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலியவை நம் கரிசல் நிலமும் மலையடிவாரமும் வளர்த்த செல்வங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகா முத்திரையே வெளியிட்டது. எல்லோரும் கருத்தடை செய்துவிட்டால் இவை அழிந்துபோகாவா? அழியும்; ஆகையால் அவற்றை வளர்க்கும் சிரத்தையுள்ளவர்கள் வளர்க்க வேண்டும். ஆனால் வளர்ப்பது வேறு, வாசலைத் திறந்து விடுவது வேறு. 2017-ஆம் வருஷத்து நாய் இனவிருத்தி விதிகள், இனவிருத்தி செய்கிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், 18 மாதம் ஆகாத பெட்டையை ஈடுபடுத்தக்கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்றெல்லாம் விதிக்கின்றன. நல்ல ஜாதியின் வம்சத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர் இந்த விதிகளின் கீழ் வரட்டும். மற்றவர்கள் "ஜாதி நாய்" என்ற பெயரைத் தங்கள் சோம்பலுக்குப் போர்வையாக்க வேண்டாம்.

இந்த விவாதம் நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1926-ஆம் வருஷத்தில் ஆமதாபாத் ஆலை முதலாளி ஒருவர் தமது ஆலையில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்வித்தபோது பெருங்கூச்சல் எழுந்தது. மகாத்மா காந்தி "யங் இந்தியா" பத்திரிகையில் தொடர்ச்சியாக எழுதினார். சொந்தக்காரரில்லாத நாய் தெருவில் திரிவது சமூகத்தின் கருணைக்கு அடையாளமல்ல, அதன் அறியாமைக்கும் சோம்பலுக்கும் அடையாளம் என்பது அவர் கருத்து. ஒரு பிடி சோற்றை வீசிவிட்டுப் புண்ணியம் சேர்த்ததாக எண்ணுவதை அவர் கடிந்துரைத்தார். நாயை வளர்க்கிறவன் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றார். அகிம்சையே உயிரெனக் கொண்ட அவர், தவிர்க்க முடியாத இடத்தில் கொல்வதும் குறைந்த தீங்காகலாம் என்று ஒப்புக்கொண்டதற்காக நாடெங்கும் கண்டனத்துக்கு ஆளானார். அன்று அவர் முன் இருந்தவை கொல்வது, பட்டினியில் சாகவிடுவது என்ற இரண்டே வழிகள்.

மூன்றாவது வழியைத் தேடிக் காட்டியதில் நமது சென்னைக்குப் பங்குண்டு. நகரசபை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1964-ஆம் வருஷம் முதற்கொண்டே, கொல்வதை நிறுத்திக் கருத்தடை செய்யுங்கள் என்று ப்ளூ கிராஸ் சங்கத்தார் மன்றாடி வந்தனர். 1996-ஆம் வருஷத்தில்தான் நகரசபை அதற்கு இணங்கிற்று. ஐந்து வருஷம் கழித்து அதுவே தேசம் முழுவதற்கும் விதியாயிற்று. இமயத்தின் மடியிலுள்ள சிறு தேசமான பூட்டான், தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்து முடித்துவிட்டதாக 2023-ஆம் வருஷத்தில் அறிவித்தது. நாம் கண்ட வழியில் பிறர் நடந்து ஊர் சேர்ந்துவிட, நாம் முச்சந்தியில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

பிறக்கும் குட்டிகளின் கதியையும் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். கல்கத்தா பகுதியைச் சேர்ந்த விஞ்ஞானிகள் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, இனவிருத்திப் பருவம் வரை பிழைத்திருந்தவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. மாண்டவற்றில் பாதிக்கு மேல் மனிதர் கையாலும் மனிதர் வண்டியாலும் பிற மனிதச் செய்கைகளாலும் மாண்டவை. ஐந்து குட்டிகளைத் தெருவில் விடுகிறவர் நான்கு சாவுகளுக்குக் கையெழுத்திடுகிறார் என்பதே இதன் பொருள். கருத்தடை பாவமென்போர் இந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவார்கள்?

ஆகவே நமது தீர்மானம் இது. தெருவில் கண்டெடுத்து வளர்க்கும் நாயாகட்டும், எப்பொழுதாவது வெளியே போய்வரக்கூடிய நாயாகட்டும், ஆணாயினும் பெண்ணாயினும், வயது வந்தவுடன் கருத்தடை செய்துவிடுவதே கடமை. வீட்டிலேயே வளரும் பெட்டைக்கு அதன் ஆரோக்கியத்தை முன்னிட்டே செய்வது நலம். பெரிய ஜாதி நாய்க்கு வயது முதிரும் வரை காத்துச் செய்வது விவேகம். சங்கிலியின்றி வெளியே போகாத ஆண் நாயை அப்படியே விடுவதில் தவறில்லை. அது எந்நாளும் கைமீறிப் போகாது என்று சொந்தக்காரர் தம் நெஞ்சறிய உறுதி கூற முடியுமானால் மட்டுமே. முடியாதென்றால் வைத்தியரிடம் போகட்டும். ஆபரேஷனுக்கு முன் இரத்தப் பரிசோதனையும், பின் பத்துப் பன்னிரண்டு நாள் தையலை நக்காமல் காப்பதும், பருவத்தில் இருக்கும் பெட்டைக்கு இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் செய்வதும் வைத்தியர் சொல்லும் ஒழுங்குகள்.

சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் நாம் விண்ணப்பிக்க வேண்டியது ஒன்றுண்டு. பணக்காரர் தனி வைத்தியரிடம் போய் ஆயிரக்கணக்கில் செலவிட முடியும். கூலி வேலை செய்கிறவரும் தள்ளுவண்டிக்காரரும் தங்கள் குடிசை வாசலில் நாய் வளர்க்கிறார்கள். அந்த நாய்க்கு ஆபரேஷன் செய்விக்க ஒரு நாள் கூலியை இழந்து, நெடுந்தூரம் நடந்து, முறைக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் அவர்களிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்தாகும். ஒவ்வொரு தாலூகாவின் கால்நடை ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு நாள் வளர்ப்பு நாய்களுக்கு இலவசமாக இந்த ஆபரேஷன் செய்யப்பட வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு லைசென்ஸ் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். பிராணியைக் கைவிடுகிறவருக்கு 50 ரூபாய் அபராதம் என்ற வேடிக்கையைப் பார்லிமெண்டு இனியாவது திருத்த வேண்டும். சந்துபொந்துகளில் குப்பையைக் குவித்து வைத்துவிட்டு நாயை மட்டும் குறை கூறுவதும் நிற்க வேண்டும்.

சுயராஜ்யம் என்பது கொடியேற்றுவதோடு முடிகிற காரியமல்ல. பிறர் வந்து கட்டளையிடுவதற்கு முன் தன் வீட்டைத் தானே ஒழுங்கு செய்துகொள்ளும் சக்திக்கே அந்தப் பெயர். சுப்ரீம் கோர்ட்டும் நகரசபையும் தெருவைப் பார்த்துக்கொள்ளட்டும். நாம் நமது வெளிக்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்வோம். அரிசி ஆலைக்கு எதிரே உள்ள வாராவதியின் அடியில் இன்று எத்தனை குட்டிகள் இருக்கின்றனவோ, அத்தனைக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர்களில் நாமும் ஒருவர். வாசகர்களாவது அந்தக் கணக்கில் தங்கள் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.